பெயரடையாக வந்த ‘கார்சினாய்டு’: ஓபர்ன்டார்ஃபரின் 1907 கட்டுரை, ஒரு மறுவாசிப்பு

குடல்வால் அழற்சிக்காக வயிற்றைத் திறந்து வெட்டியெடுத்த குடல்வாலின் நுனியில், மிளகு பருமனில் கெட்டியாக ஒன்று சில சமயம் விரலில் தட்டுப்படும். ஃபார்மலினில் ஊறிய பிறகு குறுக்கே அறுத்தால் அந்த இடம் மட்டும் மஞ்சளாகத் தெரியும். ஆயிரம் குடல்வால்களில் மூன்று முதல் ஒன்பது வரை இப்படி அமைவதாகக் கணக்கு. தேடாமலே கைக்கு அகப்படும் இந்தக் கட்டிக்கு வழங்கும் பெயர், மியூனிக் நோயியலர் சீக்ஃப்ரீட் ஓபர்ன்டார்ஃபர் 1907இல் தந்தது. ‘கட்டி தீங்கற்றது என்று அவர் தவறாகக் கணித்தார், 1929இல் தவற்றை ஒப்புக்கொண்டார்’ என்பது பாடநூல்களின் வரலாற்றுக் குறிப்புகளில் வழிவழியாக வரும் வாசிப்பு. ஆண்டுகள் சரிதான், அவற்றுக்கிடையே கட்டிய கதைதான் எனக்கு உடன்பாடில்லை.

முதலில் 1907 கட்டுரையின் தலைப்பு: ‘கார்சினாய்டெ டூமோரென் டெஸ் டூன்டார்ம்ஸ்’. சிறுகுடலின் புற்றையொத்த கட்டிகள் என்று பொருள். ‘டூமோரென்’தான் பெயர்ச்சொல்; ‘கார்சினாய்டெ’ அதற்கு முன் நிற்கும் பெயரடை. நோய்க்குப் பெயர் வைக்கிறவர் இப்படி எழுதமாட்டார். பார்த்ததைச் சாயல் சொல்லி விவரிக்கிறவர்தான் எழுதுவார். ஜெர்மனில் இச்சொல்லின் பெயரடைப் பன்மையும் பெயர்ச்சொல் பன்மையும் எழுத்துக்கு எழுத்து ஒன்று. அந்த ஒற்றுமையில்தான் விவரிப்பு நோயின் பெயராக நழுவியது என்று கருதுகிறேன். சிறிய இலக்கண வேறுபாட்டைப் பெரிதாக்குகிறேன் என்று படுமானால், அவர் தந்த ஐந்து அடையாளங்களைப் பாருங்கள்: சிறியனவாய்ப் பெரும்பாலும் பலவாக இருப்பவை, சுற்றிலும் வேறுபாடடையாத திசு கொண்டவை, எல்லை தெளிந்து ஊடுருவாதவை, பிற உறுப்புகளுக்குப் பரவாதவை, மெல்ல வளர்ந்து தீங்கின்றி இருப்பவை போலத் தோன்றுபவை. ஐந்தும் ஆறு நோயாளிகளிடம் கண்ட தோற்றத்தின் பட்டியல். வருங்காலத்தைக் குறித்த ஆணை அதில் இல்லை.

இந்த வாதத்துக்கு ஓர் இடறல் உண்டு, மறைக்க விரும்பவில்லை. 1890இலேயே வில்லியம் ரான்சம், சிறுகுடலின் கடைப்பகுதியில் கட்டியும் ஈரலில் பரவலும் கொண்ட ஒரு பெண்ணை ‘லான்செட்’டில் விவரித்துவிட்டார், உண்டவுடன் வயிற்றுப்போக்கும் மூச்சிரைப்பும் அவருக்கு வந்தன. அதற்கு இரண்டாண்டு முன்பு ஓட்டோ லுபார்ஷ் பிணக்கூறாய்வில் இருவரிடம் இத்தகைய கட்டிகளைக் கண்டிருந்தார். ஆக, ‘பரவாதவை’ என்ற நான்காவது அடையாளம் எழுதப்பட்டபோதே அதற்கு எதிரான சான்று அச்சில் இருந்தது. ஆனால் பிணக்கூறாய்வு மேசையில், வேறு நோயால் இறந்தவரின் குடலில் காணும் கட்டி சாதுவாகத்தான் தெரியும். கண்டவரைவிடக் கண்ட இடத்துக்கே இதில் பங்கு அதிகம்.

ஓபர்ன்டார்ஃபர் ‘தீங்கற்றது’ என்று சொன்னது சிறுகுடலைப் பற்றி. அங்கேதான் அது பொய்த்தது: ஒரு சென்டிமீட்டரை எட்டாத கட்டிகூட நிணநீர்க் கணுக்களை அடைந்துவிடும். அந்தத் தலைப்பில் இடம்பெறாத குடல்வாலிலோ அவர் சொல் பெரிதும் மெய்யானது. மாயோ கிளினிக்கின் மோர்டெல் குழு 1987இல் வெளியிட்ட 150 நோயாளிகளில், இரண்டு சென்டிமீட்டருக்குக் குறைவான கட்டி கொண்ட 127 பேரில் ஒருவருக்கும் பரவல் இல்லை. பழைய வாசிப்பு இந்த இரண்டு இடங்களையும் ஒன்றாகக் குழப்பி, ஒரு மனிதரின் பிழை என்று எழுதிவிட்டது.

1929இல் அவர் பார்வையை விரித்தார் என்பது உண்மை. குடல்வாலும் சிறுகுடலுமாக 36 கட்டிகள் அப்போது கையில் இருந்தன. சில தீயவையாகலாம், பரவலாம் என்று ஒரு நோயியல் கையேட்டின் பகுதியில் எழுதினார். பொருள் கூடியதால் விரிந்த விவரிப்பு அது. மன்னிப்புக் கடிதமாக எனக்குப் படவில்லை. அந்தப் பகுதி வெளிவந்த கையேட்டின் பதிப்பாசிரியர்களில் ஒருவர், நாற்பதாண்டுகளுக்கு முன் இதே கட்டியைக் கண்டு புற்று என்று சொல்லத் தயங்கிய லுபார்ஷ்! நான்கே ஆண்டுகளில், யூதர் என்பதால் ஓபர்ன்டார்ஃபர் பதவி பறிக்கப்பட்டு இஸ்தான்புல்லுக்குப் போனார். 1944இல் அங்கேயே இறந்தார்.

பெயரடை பெயராக மாறியது எந்த ஆண்டில் என்று ஒரு தேதியை ஒட்டிவிட நான் துணியவில்லை. 1914இல் பாரிஸில் கோஸேயும் மாஸோனும் குடல்வால் கட்டிகளின் செல்கள் வெள்ளி உப்பை ஏற்றுக் கறுப்பதைக் காட்டியபோது, தலைப்பில் ‘நாளமில்லாச் சுரப்பிக் கட்டிகள்’ என்றே எழுதினார்கள். ‘கார்சினாய்டு’ அங்கே இல்லை. 1929இல் அது தனிப்பெயராகவே நிற்கிறது. நடுவில் பதினைந்து ஆண்டுகள். அதைவிட நெருக்கிச் சொன்னால் சான்றை மீறியதாகும்.