வன்னிக் காட்டுக்கோழி

வன்னி என்றதும் யானையையும் பண்டாரவன்னியனையும் நினைப்போர் பலர். காட்டுக்கோழியை நினைப்போர் சிலரே. குளத்தையும் வயலையும் சூழ்ந்து காடு நிற்கும் அந்நாட்டிலே, குடியானவனுக்கு அப்பறவை அண்டை அயலாகவே இருந்தது. அறுவடை முடிந்த வயலில் சிந்திய நெல்லைப் பொறுக்க, காலையிலும் மாலையிலும் அது காட்டோரத்துக்கு வரும். துவக்கு உடையவர் சுட்டனர். இல்லாதவர் கண்ணி வைத்தனர். கோடையில் குளங்கள் வற்ற, எஞ்சிய மடுக்களை நாடிப் பறவைகள் கூடும்போது வேட்டை எளிதாயிற்று. அழிவுக்கு வித்திட்டதும் அந்த எளிமையே.

அதன் இறைச்சி கொழுப்புக் குறைந்தது, உரமானது. வீட்டுக்கோழியைப் போல அவசரமாக இறக்கினால் பல்லுக்குத்தான் வேலை. மிளகும் சீரகமும் அரைத்துக் கூட்டி, மட்சட்டியில் மெல்லிய தணலில் நெடுநேரம் வேகவைக்க வேண்டும்.

இலங்கைக்கே உரிய இப்பறவைக்கு 1831இல் லெசொன் என்னும் பிரெஞ்சு அறிஞர் தம் நாட்டுத் தளபதி லபாயெத்தின் பெயரைச் சூட்டினார். நம் சேவலுக்குப் பிரெஞ்சுப் பிரபுவின் பெயர்! சிவந்த கொண்டையின் நடுவே மஞ்சள் பதிந்த அச்சேவல் இன்று நாட்டின் தேசியப் பறவை.

துரைமார் பொழுதுபோக்குக்காகச் சுட்டதும் குடியானவன் கறிக்காகப் பிடித்ததும் ஒன்றல்ல. ஆயினும் இரண்டினாலும் மடிந்தது பறவையே. 1937இல் விலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் வந்தது. பின்னர் 2009 வரை நீடித்த போரில் ஊர்கள் பெயர்ந்தன. வயல்கள் பல காடாயின. மீண்டு வந்தோருக்குக் காட்டோரத்துக் கூவல் உண்டு, கண்ணி வைக்கும் உரிமை இல்லை. அந்த மிளகுக் கூட்டில் இப்போது வேகுவது ஊர்க்கோழி.