ஸ்கேனிங்கில் நின்றுபோகும் ஸ்டுடியோ

கம்ப்யூட்டரில் இசையமைப்பவர்களுக்குப் பழகிப்போன ஒரு திரை உண்டு. கியூபேஸ் போன்ற ஒரு மென்பொருளைத் திறந்ததும் முகப்புப் படம் வரும். அதன் கீழ் ஓரத்தில், மென்பொருளோடு பொருத்திக்கொள்ளும் எஃபெக்ட், வாத்திய நிரல்களான ப்ளக்-இன்களின் பெயர்கள் மளமளவென்று ஓடும். ஏதோ ஒரு பெயரில் வந்து ஓட்டம் நின்றுவிடும். டாஸ்க் மேனேஜருக்குப் போய் மென்பொருளை வலுக்கட்டாயமாக மூடிவிட்டு மறுபடி திறந்தால், மறுபடியும் அதே பெயரில் நிற்கும். 'அந்த ப்ளக்-இன் சரியில்லை' என்பதுதான் எல்லோரும் சொல்லும் தீர்ப்பு. அது பொய்யல்ல. ஆனால் ஒரு ரிவெர்ப் கெட்டுப்போனால் ரிவெர்ப் மட்டும்தானே வேலை செய்யாமல் போக வேண்டும்? பாட்டு, ட்ராக், மிக்ஸிங் எல்லாவற்றையும் வைத்திருக்கும் மென்பொருளே ஏன் திறக்க மறுக்கிறது? கெட்டுப்போன ப்ளக்-இன்னை மட்டும் நோண்டிக்கொண்டிருந்தால் இதற்கு விடை கிடைக்காது. 1996இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்து நிறுவனம் ஒன்று வகுத்த ஏற்பாட்டையும், பிறகு அதன் மேல் அடுக்கடுக்காகக் கட்டப்பட்ட வழக்கங்களையும் பார்க்க வேண்டும்.

அந்த நிறுவனம் ஸ்டைன்பெர்க். ஒலிப்பதிவாளர் கார்ல் ஸ்டைன்பெர்க்கும் கீபோர்டு கலைஞர் மான்ஃப்ரெட் ரூருப்பும் 1984இல் தொடங்கியது. 1989இல் அட்டாரி எஸ்.டி. கம்ப்யூட்டருக்காக வந்த அவர்களுடைய கியூபேஸ், ஒலியைத் தொடவே இல்லை. எந்த ஸ்வரத்தை எப்போது, எவ்வளவு அழுத்தி வாசிக்க வேண்டும் என்ற மிடி கட்டளைகளை மட்டும் வெளியிலிருக்கும் சிந்தஸைஸர்களுக்கு அனுப்பியது. ப்ளக்-இன் என்ற யோசனையும் ஸ்டைன்பெர்க்கின் கண்டுபிடிப்பு அல்ல. டெல் அவிவின் வேவ்ஸ் நிறுவனம் 1992இலேயே 'க்யூ10' என்ற ஈக்வலைஸரை விற்கத் தொடங்கிவிட்டது. அமெரிக்காவின் டிஜிடிசைன் தன் ப்ரோ டூல்ஸுக்கு டி.டி.எம். என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்திருந்தது. ஆனால் அதற்கு ஒலியைக் கணக்கிடும் தனி டி.எஸ்.பி. கார்டுகள் வேண்டும், விலையும் எட்டாத விலை. 1996இல் மெக்கின்டாஷுக்கு வந்த 'கியூபேஸ் வி.எஸ்.டி.' அந்தக் கார்டுகளைத் தேவையில்லாமல் ஆக்கியது. கம்ப்யூட்டரின் சொந்த ப்ராசஸரே எக்கோவையும் கோரஸையும் கணக்கிட்டுக் கொடுத்தது. இன்னும் பெரிய காரியம், பிறரும் ப்ளக்-இன் எழுதலாம் என்று அதன் விதிமுறைகளை இலவசமாகத் திறந்துவிட்டது. வி.எஸ்.டி. என்றே அழைக்கப்பட்ட அந்த விதிமுறைகளின், 1999இல் வந்த இரண்டாம் பதிப்பு மிடியை ப்ளக்-இன்னுக்குள்ளேயே அனுப்ப வழி செய்ய, சிந்தஸைஸரும் மென்பொருளாகிவிட்டது.

சிக்கலின் விதை அந்த விதிமுறைக்குள்தான் இருந்தது. விண்டோஸில் ஒரு வி.எஸ்.டி.2 ப்ளக்-இன் என்பது ஒரு டி.எல்.எல். கோப்பு. அதன் பெயர் என்ன, அது எஃபெக்டா வாத்தியமா, எத்தனை உள்வழி, எத்தனை வெளிவழி என்பதெல்லாம் கோப்பில் எங்கும் வாசிக்கும்படி எழுதப்பட்டிருக்காது. மென்பொருள் அந்தக் கோப்பைத் தன் சொந்த நினைவகத்துக்குள் ஏற்ற வேண்டும். அதற்குள் இருக்கும் நுழைவாயில் செயற்கூறு ஒன்றை அழைக்க வேண்டும். அழைத்தால் ப்ளக்-இன் தன்னை முழுதாக உருவாக்கிக்கொண்டு, தன் விவரங்களைத் தாங்கிய ஒரு கட்டமைப்பைத் திருப்பித் தரும். அதன் தொடக்கத்தில் இருக்கும் நான்கெழுத்து அடையாளத்தைச் சரிபார்த்த பிறகுதான் 'இது ப்ளக்-இன்தான்' என்றே உறுதியாகும். வந்தவரின் பெயரை வாசலிலேயே கேட்காமல், அடுக்களைவரை கூட்டிப்போய் அடுப்பையும் பற்றவைக்கச் சொல்லிவிட்டு, பிறகு 'நீங்கள் யார்?' என்று விசாரிப்பது போன்ற ஏற்பாடு. முகப்புப் படத்தின் அடியில் ஓடும் ஒவ்வொரு பெயரும் யாரோ எழுதிய நிரல் ஒன்று இயக்கப்படுவதற்கான அடையாளம். ஸ்கேன் என்று நாம் சாதாரணமாகச் சொல்வது வெறும் படிப்பு அல்ல, இயக்கம். ஓடிய நிரல் திரும்பி வராவிட்டால் அழைத்தவரும் அங்கேயே நிற்க வேண்டியதுதான்.

1996இன் கம்ப்யூட்டரில் வேறென்ன செய்திருக்க முடியும் என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். அன்றைய மேக் இயங்குதளத்தில் ஒரு நிரலின் நினைவகத்தை இன்னொன்றிடமிருந்து காக்கும் வேலியே கிடையாது. மேக் ஓஎஸ் எக்ஸ் வந்த பிறகுதான் அது கிடைத்தது. தனி அறையில் வைத்து இயக்குவது என்ற பேச்சுக்கே அங்கே பொருளில்லை. ஆனால் தனிமைப்படுத்துவது வேறு, விவரக்குறிப்பு வைப்பது வேறு. இரண்டாவதற்குப் புதிய இயங்குதளம் எதுவும் தேவைப்படவில்லை. 1994இல் வந்த ஃபோட்டோஷாப் 3, இதே மெக்கின்டாஷில், ஒவ்வொரு ஃபில்டர் ப்ளக்-இன்னும் 'பிப்பிள்' என்ற விவரப்பட்டியலைத் தன் கோப்போடு சுமந்துவரும் முறையைக் கொண்டுவந்தது. பெயர், மெனுவில் எந்தப் பிரிவு, எந்த வகைப் படங்களோடு வேலை செய்யும் என்ற தகவலெல்லாம் அதில் இருக்கும். ஃபோட்டோஷாப் அதைப் படித்து மெனுவைக் கட்டிக்கொள்ளும். பயன்படுத்துபவர் அந்த ஃபில்டரைத் தேர்ந்தெடுக்கும்போதுதான் நிரலைத் தொடும். 1990களின் பிற்பாதியில் விண்டோஸில் கேக்வாக் போன்ற மென்பொருள்கள் ஏற்ற டைரக்ட்எக்ஸ் ப்ளக்-இன்கள், நிறுவப்படும்போதே விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியில் தங்களைப் பதிந்துகொண்டன. பட்டியல் அங்கே தயாராக இருந்தது. ஆக, வழி தெரியாத காலம் என்று சொல்ல முடியாது. அன்று ஒருவரிடம் பத்துப் பதினைந்து ப்ளக்-இன் இருந்தாலே அதிகம், எல்லாவற்றையும் திறந்து பார்க்க எத்தனை நொடி ஆகிவிடப் போகிறது என்ற கணக்கில் அது தேவைப்படாமல் போயிருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

அந்தக் கணக்கைப் பொய்யாக்கியவை இரண்டு. ஒன்று, ப்ளக்-இன்களுக்கு நிலையான முகவரி இல்லாமை. வி.எஸ்.டி.2 விண்டோஸில் எந்த ஃபோல்டரிலும் குடியிருக்கலாம். ஒவ்வொரு நிறுவனமும் தனக்குப் பிடித்த இடத்தில் போட, சலித்துப்போன பயனர் 'ப்ரோகிராம் ஃபைல்ஸ்' முழுவதையுமே தேடச் சொல்லி மென்பொருளை ஏவிவிடுவார். அதுவும் சம்பந்தமே இல்லாத டி.எல்.எல்.களையெல்லாம் ஏற்றிப் பார்த்து, நுழைவாயில் இருக்கிறதா என்று தட்டிக்கொண்டு போகும். மற்றொன்று திருட்டுப் பிரதிக்கு எதிரான பூட்டு. ஐலாக், இ-லைசென்ஸர் என்று யு.எஸ்.பி. டாங்கிள்கள் வந்தன, பிறகு இணையம் வழியான உரிமச் சரிபார்ப்பு வந்தது. இவை எப்போது இயங்கும்? ப்ளக்-இன் உயிர்பெறும் கணத்தில், அதாவது ஸ்கேன் நேரத்தில். 'சோதனைக் காலம் முடிந்துவிட்டது, ஓகே அழுத்தவும்' என்று ஒரு சின்னப் பெட்டி திறக்கும். ஆனால் அது முகப்புப் படத்துக்குப் பின்னால் மறைந்திருக்கும். பெட்டி ஓகேவுக்காகக் காத்திருக்கும், மென்பொருள் ப்ளக்-இன்னுக்காகக் காத்திருக்கும், மனிதர் மென்பொருளுக்காகக் காத்திருப்பார். கெட்டுப்போனது எதுவுமே இல்லாமல் எல்லாம் உறைந்து நிற்கும் இந்தக் காட்சி, இந்தத் தொழிலுக்கே உரிய வேடிக்கை. ஆல்ட்-டேப் அழுத்திப் பார்த்தால் பெட்டி வெளியே வந்துவிடும் என்பது அனுபவசாலிகளின் முதல் வைத்தியம். அப்படியானால் குற்றம் பூட்டுச் செய்தவர்களுடையதுதானே என்றால், பாதி ஆம். ஆனால் பெயர் கேட்பதும் இயக்குவதும் ஒரே செயலாக இருந்ததால்தான் பூட்டுக்காரர் அந்த இடத்தில் வந்து நிற்க முடிந்தது. ஃபோட்டோஷாப் வழியில், அதே பெட்டி பயனர் அந்தக் கருவியைத் தேடிப் போகும்போது கண்ணெதிரே திறந்திருக்கும்.

விதிமுறை செய்யாத வேலையைப் பயனர்கள் கையால் செய்யக் கற்றுக்கொண்டார்கள். அதில் மிகவும் நேர்த்தியானது பாதி பிரிக்கும் முறை. ப்ளக்-இன் ஃபோல்டரில் பாதியை வேறிடத்துக்கு நகர்த்திவிட்டு மென்பொருளைத் திறப்பது. திறந்துவிட்டால் சிக்கல் நகர்த்திய பாதியில், நின்றுவிட்டால் மிச்சப் பாதியில். சந்தேகத்துக்குரிய பாதியை மறுபடி இரண்டாக்குவது. 128 ப்ளக்-இன்கள் இருந்தாலும் ஏழே முறையில் குற்றவாளி அகப்படும். இரண்டு ப்ளக்-இன்கள் சேர்ந்திருந்தால் மட்டும் வரும் மோதலாக இருந்தால் இந்தக் கணக்கு தடுமாறும். அப்போது ஏபிள்டன் மென்பொருள் எழுதிவைக்கும் லாக் கோப்பின் கடைசி வரியைப் பார்ப்பது, ப்ரிஃபரன்ஸ் கோப்புகளைத் தூக்கிவிட்டுப் புதிதாகத் தொடங்குவது, கியூபேஸ் திறக்கும்போது கண்ட்ரோல், ஆல்ட், ஷிஃப்ட் மூன்றையும் அழுத்திப் பிடித்துப் பாதுகாப்பு வழியில் நுழைவது என்று அடுத்தடுத்த உபாயங்கள். இவையெல்லாம் ஒலிப்பொறியாளர்களின் திறமைக்குச் சான்று என்று பாராட்டலாம். மிக்ஸிங் தெரிந்தவர் டி.எல்.எல். ஆராய்ச்சியில் ஒரு நாளைத் தொலைப்பதைத் திறமை என்ற கணக்கில் வைக்க எனக்கு மனமில்லை.

மென்பொருள் செய்பவர்களும் சும்மா இருக்கவில்லை. ஆனால் அவர்கள் செய்ததெல்லாம் அஸ்திவாரத்தைத் தொடாத செப்பனிடல். ஜூலியன் ஸ்டோரர் எழுதிய ஜூஸ் என்ற நிரல் நூலகத்தில் 'டெட் மேன்ஸ் பெடல்' என்றொரு கோப்பு உண்டு. ரயில் ஓட்டுநர் மயங்கி விழுந்தால் வண்டியைத் தானே நிறுத்தும் மிதிகட்டையின் பெயர் அது. ஒரு ப்ளக்-இன்னைத் திறக்குமுன் அதன் பெயரை அந்தக் கோப்பில் எழுதுவது, பத்திரமாகத் திரும்பினால் அழிப்பது. நடுவில் மென்பொருள் செத்துவிட்டால் பெயர் அங்கேயே கிடக்கும். அடுத்த முறை அந்த ஆள் வரிசையின் கடைசிக்குத் தள்ளப்படுவார். சாமர்த்தியமான யோசனை, ஆனால் சாவுக்குத்தான் பொருந்தும். உறைந்து நிற்பவன் சாகவில்லையே. இன்னும் கொஞ்சம் பொறுத்தால் முடித்துவிடுவானா, முடிக்கவே மாட்டானா? எந்த நிரலை எடுத்தாலும் அது என்றாவது முடியுமா முடியாதா என்று முன்கூட்டிச் சொல்லும் பொது வழி கிடையாது என்று ஆலன் டூரிங் 1936இலேயே நிறுவிவிட்டார். எஞ்சியது காலக்கெடு மட்டுமே. ஆர்டர் என்ற திறந்தமூல மென்பொருள், ஸ்கேன் செய்யும் வேலையைத் தனி நிரலிடம் விட்டு, இத்தனை நேரத்துக்குள் முடிக்காவிட்டால் கைவிடு என்று கெடு வைத்தது. ஆப்பிள், 2002இல் எமாஜிக் நிறுவனத்தை வாங்கிய பிறகு, அதன் லாஜிக் மென்பொருளில் ஆடியோ யூனிட் என்ற வகை ப்ளக்-இன்களைச் சோதித்துத் தேறாதவற்றை ஒதுக்கிவைத்தது. 2014இல் பெர்லினிலிருந்து வந்த பிட்விக் ஸ்டுடியோ ப்ளக்-இன்களைத் தனி ப்ராசஸில் ஓட்டி, ஒன்று விழுந்தாலும் மென்பொருள் தொடர்ந்து ஓட வழி செய்தது. கியூபேஸ் 9, 2016இல், 'சென்டினல்' என்ற காவலாளியை வாசலில் நிறுத்தி, சந்தேகப்பட்டவற்றைத் தடைப்பட்டியலில் சேர்த்தது.

தனி ப்ராசஸ் என்றாலே வேகம் குறையும் என்று ஆட்சேபிப்பவர்கள் உண்டு. வாசிக்கும் நேரத்தில் அது உண்மை. 44,100 ஹெர்ட்ஸில் 64 சாம்பிள் பஃபர் வைத்தால் ஒவ்வொரு சுற்றையும் முடிக்க 1.45 மில்லி செகண்டுதான் கிடைக்கும். ப்ராசஸ் விட்டு ப்ராசஸ் தாவுவதற்கான செலவு அங்கே கடிக்கும். ஸ்கேனுக்கு அந்த அவசரம் எதுவும் இல்லை. பெயர் கேட்கும் வேலை ஒரு நொடி தாமதித்தால் எந்தப் பாட்டும் தாளம் தப்பப் போவதில்லை. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டதால்தான் ஸ்கேனைப் பிரித்துவைக்கும் எளிய திருத்தம்கூட இத்தனை ஆண்டு தள்ளிப்போனது என்று தோன்றுகிறது.

இதைவிடக் கனமான ஆட்சேபம் வேறொன்று. வி.எஸ்.டி. எளிமையாக இருந்ததால்தான் வென்றது. ஒரே கோப்பு, ஒரே நுழைவாயில் என்றிருந்ததால்தான் மாணவர்களும் பொழுதுபோக்காளர்களும்கூட ப்ளக்-இன் எழுதிக் குவித்தார்கள். விவரக்கோப்பு வேண்டும், பதிவு வேண்டும் என்று கேட்டிருந்தால் பாதிப் பேர் வந்திருக்க மாட்டார்கள் என்பது. இதில் பெரும்பகுதியை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். லினக்ஸ் உலகின் எல்.வி.2, 2008இல், ப்ளக்-இன்னின் விவரம் முழுவதையும் தனி எழுத்துக் கோப்பாக வைத்தது. நிரலைத் தொடாமலே பட்டியலிடலாம். அமைப்பாகப் பார்த்தால் அதுதான் சரியான விடை. ஆனால் கையால் எழுத வேண்டிய அந்தக் கோப்பு பலரைச் சலிக்கவைத்தது, வணிக நிறுவனங்கள் பெரும்பாலும் எட்டிப் பார்க்கவில்லை. ஆனாலும் இந்த ஆட்சேபம் ஒன்றைக் கணக்கில் எடுக்கவில்லை: விவரக்கோப்பைக் கட்டாயமாக்கத் தேவையில்லை. இருந்தால் படி, இல்லாவிட்டால் பழையபடி திறந்து பார் என்று ஒரு வரி இரண்டாம் பதிப்பில் சேர்ந்திருந்தாலும், பெரிய நிறுவனங்கள் தங்கள் சொந்த நலனுக்காகவே அதை நிரப்பியிருக்கும். வாடிக்கையாளரின் புகார்க் கடிதங்கள் முதலில் போய்ச் சேர்வது அவர்களிடம்தான்.

ஸ்டைன்பெர்க்கே கடைசியில் அங்கேதான் வந்தது. 2008இல் வந்த வி.எஸ்.டி.3 நிலையான ஃபோல்டர் கொடுத்தது. கருவியை உருவாக்காமலே அதன் பெயரையும் வகையையும் கேட்டுக்கொள்ள வழி செய்தது. ஆனாலும் கோப்பை ஏற்றித்தான் ஆக வேண்டும். 2022இல்தான், கோப்பை ஏற்றாமலே படிக்கக்கூடிய விவரக்குறிப்பு ஒன்றை ப்ளக்-இன்னோடு சேர்த்து அனுப்ப வழி வந்தது, அதுவும் விருப்பப்பட்டால். அதே ஆண்டு ப்ளக்-இன் நிறுவனமான யூ-ஹியும் பிட்விக்கும் சேர்ந்து வெளியிட்ட க்ளாப் என்ற புதிய விதிமுறையும் பட்டியல் கேட்பதைக் கருவியை உருவாக்குவதிலிருந்து பிரித்துவைத்திருக்கிறது. வி.எஸ்.டி.2வுக்குப் புதிய உரிமங்கள் 2018இலேயே நிறுத்தப்பட்டுவிட்டன. ஆனால் பத்து ஆண்டுக்கு முன் செய்த பாட்டு ஒன்றை மறுபடி திறக்க வேண்டுமென்றால் அந்தப் பழைய டி.எல்.எல். வேண்டும். செய்த நிறுவனம் மூடப்பட்டிருக்கலாம். யாரும் அதற்கு விவரக்குறிப்பு எழுதித் தரப்போவதில்லை. அதனால் வி.எஸ்.டி.2வை இன்னும் ஏற்கும் மென்பொருள்கள் அந்தக் கோப்பை 1999இல் திறந்த விதத்திலேயே திறந்து பார்க்கின்றன.