எஸ்8யூஎல் ஈஸ்போர்ட்ஸ்

எஸ்8யூஎல் என்பது மும்பையைத் தளமாகக் கொண்டு, கைப்பேசி விளையாட்டுகளில் தொழில்முறை அணிகளைக் களமிறக்குவதுடன் காணொளித் தயாரிப்பிலும் ஈடுபடும் இந்திய மின்விளையாட்டு நிறுவனமாகும். நமன் மாத்தூரின் சோல் அணியும், அனிமேஷ் அகர்வால், லோகேஷ் ஜெயின் ஆகியோரின் 8பிட் அமைப்பும் 2020-இல் இணைந்து இது உருவாயிற்று.

மலிவான இணையத் தரவும் குறைந்த விலைத் திறன்பேசிகளும் பரவியதால், இந்தியாவில் மின்விளையாட்டுத் துறை கணினியைவிடக் கைப்பேசியையே சார்ந்து வளர்ந்தது. எதிரிகளை வீழ்த்தி இறுதிவரை எஞ்சும் அணியே வெல்லும் வகையைச் சேர்ந்த பப்ஜி மொபைல் விளையாட்டில், நால்வர் கொண்ட சோல் அணி 2019-இல் ஐதராபாத்தில் நடந்த இந்தியத் தொடரை வென்று, அதே ஆண்டு பெர்லினில் நடைபெற்ற உலக இறுதிச்சுற்றிலும் பங்கேற்றது.

2020 செப்டம்பரில் அவ்விளையாட்டை இந்திய அரசு தடைசெய்தபோது போட்டிகள் நின்றன. எனினும் நேரலை ஒளிபரப்பும் விளம்பர ஒப்பந்தங்களும் வருவாய்க்கு வழியாக இருந்தமையால், பரிசுத்தொகையை மட்டும் நம்பிய அணிகளைவிட இத்தகைய நிறுவனங்கள் உறுதியாக நின்றன எனலாம். மாற்றாக 2021-இல் வெளியான பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியாவும் 2022 ஜூலை முதல் 2023 மே வரை செயலிக் கடைகளில் கிடைக்கவில்லை. அந்நீக்கத்திற்குச் சற்று முன்னர், அவ்விளையாட்டின் முதல் தொழில்முறைத் தொடரைச் சோல் வென்றிருந்தது. சிறந்த உள்ளடக்கக் குழுவுக்கான பன்னாட்டு ஈஸ்போர்ட்ஸ் விருது 2022, 2023 ஆகிய இரு ஆண்டுகளிலும் எஸ்8யூஎல் நிறுவனத்திற்கு வழங்கப்பட்டது.