வெண்ணெய் கடைதல்

தயிரை மத்தால் சிலுப்பி வெண்ணெய் திரட்டும் வீட்டு வேலை. தாம்பரம் அடங்கிய தொண்டை நாட்டில் இது மிகப் பழையது. தொண்டைமான் இளந்திரையனைப் பாடும் பெரும்பாணாற்றுப்படையில், விடியலில் தயிர் கடைந்து மோர் விற்கும் ஆய்மகள் வருகிறாள். நெய்க்கு விலையாகப் பொன்னை மறுத்து எருமையைக் கேட்கும் அவளுடைய கணக்கு எவ்வளவு தெளிவானது!

இன்று தாம்பரம் போன்ற புறநகர்களின் வீடுகளில் ஆவின் பாலின் ஏட்டைச் சில நாள் சேர்த்து, உறைகுத்திக் கடைகிறார்கள். மத்தின் இடத்தில் பெரும்பாலும் மிக்ஸி. குளிர்ச்சியில்தான் கொழுப்புத் துளிகள் இறுகி ஒன்றோடொன்று ஒட்டும். சூடேறினால் வெண்ணெய் இளகித் திரளாது. அதனால்தான் விடியற்காலையில் கடைவதும், கோடையில் ஐஸ் தண்ணீர் விடுவதும்.

கிருஷ்ண ஜெயந்தியன்று புது வெண்ணெய் கண்ணனுக்குப் படைக்கப்படும். மற்ற நாளில் அலசி உருக்கி, முருங்கையிலை போட்டு இறக்குவார்கள். அந்த மணத்துக்கு ஈடில்லை. மிஞ்சும் மோர் இஞ்சி, கறிவேப்பிலையோடு அன்றே தீர்ந்துவிடும்.