முழங்கையில் ஓடும் நரம்பு

கதவு நிலையிலோ நாற்காலிக் கையிலோ முழங்கையின் உட்புறம் இடித்துக்கொண்டால், சுண்டுவிரல் நுனி வரைக்கும் 'சுரீர்' என்று மின்சாரம் பாய்கிறதே, அதை அனுபவிக்காதவர் இருக்க முடியாது. கோபாலபுரத்தில் நான் குடியிருக்கும் வீட்டின் மாடிப்படி குறுகல். வாரத்துக்கு ஒரு முறையாவது எனக்கு அந்தப் பாக்கியம் கிட்டுகிறது. இடிபட்டது எலும்பு என்று நினைத்துத் தேய்த்துக்கொள்கிறோம். உண்மையில் இடிபடுவது நரம்பு. அல்னார் நரம்பு என்று அதற்கு வைத்தியர்கள் பெயர் சொல்லுவார்கள். புஜத்தில் சதைக்குள் பதுங்கி வருகிற அந்த நரம்பு, முழங்கையில் மட்டும் தோலுக்கும் எலும்புக்கும் நடுவே வந்து தலைகாட்டுகிறது. அப்படித் தலைகாட்டுவதனால் நம் நாட்டில் எத்தனையோ பேருடைய கைகள் முடமாகிப் போயின. அந்தச் சரித்திரத்தைத்தான் சொல்ல வந்தேன்.

நரம்பு என்ற சொல்லை நாம் தாராளமாகவே உபயோகிக்கிறோம். புறங்கையில் நீலமாகப் புடைத்திருக்கும் ரத்தக் குழாயும் நமக்கு நரம்புதான். வீணையில் கட்டிய தந்தியும் நரம்புதான். நரம்புத் தளர்ச்சிக்கு லேகியம் விற்பவர்களின் சுவர் விளம்பரங்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். வைத்தியர்கள் சொல்லும் நரம்பு வேறு. அது ஆயிரக்கணக்கான மெல்லிய இழைகளைச் சேர்த்துக் கட்டிய கட்டு. ஒவ்வோர் இழையும் ஒரே ஓர் உயிரணுவின் நீட்சி. விரலை அசைக்கும் இழையைப் பெற்ற அணு கழுத்திலே, முதுகுத் தண்டுக்குள் இருக்கிறது. அந்த அணு கண்ணுக்குப் புலப்படாத பொடி. அதன் இழையோ விரல் வரை முழக்கணக்கில் நீள்கிறது. இழையைச் சுற்றி வேறு அணுக்கள் பாய் சுருட்டினாற்போல் உறை போடுகின்றன. ஷ்வான் என்ற ஜெர்மானியர் கண்டு சொன்னதால் அவற்றுக்கு ஷ்வான் அணுக்கள் என்று பெயர். தடித்த உறை போட்ட இழையில் செய்தி வினாடிக்கு 50 மீட்டருக்கு மேல் ஓடும். உறை இல்லாத மெல்லிய இழையில் வினாடிக்கு ஒரு மீட்டர் போனாலே பெரிது. கால் விரலை இடித்துக்கொண்டதும் பளிச்சென்று ஒரு வலி தெரிந்து, சற்று நின்று எரிச்சலாக இன்னொரு வலி வந்து சேருகிறதல்லவா? இரண்டும் ஒரே அடியின் செய்திதான். ஒன்று மெயிலில் வருகிறது. மற்றது கட்டை வண்டியில்.

தொழுநோய்க் கிருமி குடியேறும் இடங்களில் முக்கியமானது இந்த ஷ்வான் அணு. 1873-ல் நார்வே தேசத்து ஹான்ஸன் கிருமியைக் கண்டுபிடித்துவிட்டார். ஆனாலும் முக்கால் நூற்றாண்டு கழித்தும்கூட, நோயாளியின் விரல்கள் ஏன் குறைந்துபோகின்றன என்பதற்குச் சரியான விடை கிடைக்கவில்லை. சதை அழுகி விழுகிறது என்றார்கள். முன்ஜன்மப் பாவம் என்றும் சொன்னார்கள்.

1914-ல் கொல்லிமலையில் ஒரு பாதிரியாரின் பிள்ளையாகப் பிறந்தவர் பால் பிராண்ட். ஒன்பது வயதில் படிப்புக்காக இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டு, 1946-ல் எலும்பு சிகிச்சை டாக்டராக வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து சேர்ந்தார். ஒருநாள் செங்கல்பட்டில் டாக்டர் காக்ரேன் நடத்திவந்த தொழுநோய் இல்லத்தைப் பார்க்கப் போனார். அங்கே ஓர் இளைஞனின் மடங்கிப் போன கைக்குள் தம் கையைக் கொடுத்து, அழுத்து என்றார். அவன் அழுத்திய அழுத்தில் டாக்டருக்கு வலி தாங்கவில்லை. செத்துப்போன கை என்று எல்லோரும் கைவிட்ட கையில் இவ்வளவு பலம் எங்கிருந்து வந்தது?

அந்தக் கேள்வி அவரை விடவில்லை. தொழுநோயாளி ஒருவரின் பிரேதத்தை அறுத்துப் பார்க்க வேண்டும் என்று காத்திருந்தார். செங்கல்பட்டிலிருந்து செய்தி வந்ததும் வேலூரிலிருந்து புறப்பட்டுப் போய், இரவெல்லாம் கண் விழித்து ஒவ்வொரு நரம்பாகத் திறந்து வைத்தார். நரம்புகள் வீங்கியிருந்தன. ஆனால் முழு நீளத்துக்கும் அல்ல. முழங்கைக்குச் சற்று மேலே, மணிக்கட்டில், முழங்காலில், கணுக்காலில் வீக்கம். இடைப்பட்ட பகுதிகள் ஏறக்குறைய ஒழுங்காகவே இருந்தன. நரம்பு எங்கெங்கே தோலை ஒட்டி ஓடுகிறதோ அங்கங்கே கெட்டிருந்தது. தோலை ஒட்டிய இடம் உடம்பின் உட்புறத்தைவிடக் குளிர்ச்சி. இந்தக் கிருமி குளிர்ச்சியை நாடுவது. கிருமியை எதிர்த்து உடம்பு நடத்தும் போரில் நரம்பு வீங்கி, தன் உறைக்குள்ளேயே நசுங்கிப்போகிறது.

ஆக, வீங்கிய இடத்துக்கு மேலேயே கிளை பிரிந்துவிட்ட முன்கைத் தசைகள் பிழைத்தன. உள்ளங்கையின் சிறு தசைகள் மாண்டன. விரல்கள் கொக்கிபோல் மடங்கின. பிழைத்த தசை ஒன்றின் நாணை எடுத்து வழி மாற்றி விரலில் தைத்தால் கை விரியும் என்று பிராண்ட் கண்டார், செய்தும் காட்டினார். குணமான ஒருவர் திரும்பி வந்து, "இந்தக் கையைப் பார்த்தால் யாரும் பிச்சை போடமாட்டேன் என்கிறார்கள்" என்று முறையிட்டாராம். வேலை கொடுப்பாரும் இல்லை. கையைத் திருத்தியது போதாதென்று நவ ஜீவ நிலையம் தோன்றியது. தச்சு வேலையும் பொம்மை செய்வதும் அங்கே சொல்லிக்கொடுத்தார்கள்.

திருத்திய கையிலும் உணர்ச்சி திரும்பவில்லை. துருப்பிடித்த பூட்டு ஒன்று டாக்டருக்கே திறக்கவில்லை. ஒரு சிறுவன் வாங்கித் திருகித் திறந்தான். தரையில் ரத்தம் சொட்டியது. எலும்பு தெரியும்படி விரல் கிழிந்திருந்தது. பையனுக்குத் தெரியவே இல்லை. சிலருக்குக் காலையில் எழுந்தால் விரலில் ஒரு துண்டு காணவில்லை. ராக்காவல் இருந்து பார்த்தபோது, தூங்குகிறவர் விரலை எலி கடித்துக்கொண்டிருந்தது. அதன்பின் நோயாளிகள் வீட்டுக்குப் போகும்போது கையோடு ஒரு பூனையும் அனுப்பப்பட்டது. மருத்துவ சரித்திரத்தில் பூனைக்கு இத்தனை மரியாதை வேறெங்கும் கிடைத்ததாக நான் படித்ததில்லை.

1953-ல் பிராண்ட் இங்கிலாந்து போயிருந்தார். வெகு நேரம் ரயிலில் வந்து, இரவு காலுறையைக் கழற்றியபோது குதிகாலில் ஒரு பக்கம் உணர்ச்சியே இல்லை. ஊசியை எடுத்துக் குத்தினார். ரத்தம் வந்தது, வலி வரவில்லை. நோய் தம்மையும் பற்றிவிட்டது என்றே தீர்மானித்து, மனைவி மக்களை நினைத்து விடிய விடிய விழித்துக் கிடந்தார். காலையில் மறுபடி குத்திப் பார்த்தார். வலித்தது! கத்தினார், சந்தோஷத்தில். ரயிலில் ஒரே நிலையில் உட்கார்ந்திருந்ததால் நரம்பு மரத்திருந்ததே தவிர வேறொன்றும் இல்லை.

பிற்காலத்தில் அமெரிக்காவில், வலிக்குப் பதிலாக எச்சரிக்கை செய்யும் கையுறை ஒன்றைச் செய்து பார்த்தார். அதிகம் அழுத்தினால் மின்சாரம் சுரீரென்று அடிக்கும். நோயாளிகள் என்ன செய்தார்கள் தெரியுமா? முரட்டு வேலை செய்யும்போது அதை நிறுத்திவிட்டு, வேலை முடிந்தபின் போட்டுக்கொண்டார்கள். முயற்சி கைவிடப்பட்டது.

1981-ல் உலக சுகாதார நிறுவனம் சிபாரிசு செய்த கூட்டு மருந்தினால் கிருமி இன்று பூரணமாக அழிகிறது. தொழுநோயாளியை அடைத்து வைக்க இடம் தந்த 1898-ம் வருஷத்துச் சட்டம் 2016-ல்தான் ரத்தாயிற்று. அந்த நோய் விவாகரத்துக்குக் காரணமாக இருந்ததும் 2019-ல் நீங்கியது. உலகில் ஆண்டுதோறும் புதிதாகக் காணப்படும் நோயாளிகளில் பாதிப் பேருக்கு மேல் இன்னும் இந்தியர்களே. மருந்து கிருமியைக் கொல்லும். வெகு நாள் முன்பே இறந்த நரம்பை எழுப்பாது.

மரத்துப்போன பாதங்களுக்காக வேலூர்ப் பக்கத்தில் பிராண்டும் அவர் சகாக்களும் மிருதுவான ரப்பரில் செருப்புத் தயாரித்தார்கள். எம்.சி.ஆர். செருப்பு என்று சென்னைக் கடைகளில் இன்று விற்பது அந்த ரப்பர்தான். வாங்குகிறவர்களில் பலர் சர்க்கரை வியாதிக்காரர்கள். அந்த வியாதியும் பாத நரம்புகளைக் கெடுக்கிறது. கோபாலபுரம் கான்ரான் ஸ்மித் சாலையில் டாக்டர் மோகனின் நீரிழிவு மருத்துவமனை இருக்கிறது. காலை வேளையில் வெறும் வயிற்றோடு ரத்தம் கொடுக்க வருகிறவர்களை அந்தப் பக்கம் நடந்தால் பார்க்கலாம். சர்க்கரை வியாதி வைத்தியர்கள் பாதத்தைச் சோதிக்கும்போது, கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி உள்ளங்காலில் ஒரு நைலான் இழையை வளையும் மட்டும் அழுத்தி, தெரிகிறதா என்று கேட்பார்கள். தொழுநோய் ஆஸ்பத்திரிகளிலும் அதே மாதிரி இழைதான், அதே கேள்விதான்.