தலைக்குள் ஒரு வலைக்குழாய்

ஆஞ்சியோகிராம் பற்றி முன்பு எழுதியதைப் படித்துவிட்டு ஒரு நண்பர் கேட்டார்: "இதயத்துக்கு ஸ்டென்ட் வைப்பது தெரியும். இப்போது தலைக்குள்ளும் வைக்கிறார்களாமே, அங்கே என்ன அடைப்பு?"

அடைப்பு இல்லை, வீக்கம். மூளைக்குப் போகும் ரத்தக்குழாயின் சுவரில் ஓரிடம் மெலிந்து, பழைய சைக்கிள் டியூப் புடைப்பதைப் போலப் புடைத்துக்கொள்கிறது. அனியூரிசம் என்பார்கள். பெரும்பாலும் ஒரு தொந்தரவும் தராமல் இருக்கும். வெடித்தால், வாழ்நாளில் கண்டிராத தலைவலி ஒரு நொடியில் வரும். அப்படி வந்தவர்களில் பலர் ஆஸ்பத்திரி வாசலையே எட்டுவதில்லை.

எக்ஸ்ரே துறையில் காலம் தள்ளியவன் நான். ஆகவே கதையைப் படத்திலிருந்துதான் தொடங்குவேன். மண்டை ஓட்டை எக்ஸ்ரே எடுத்தால் எலும்பு தெரியும், ரத்தக்குழாய் தெரியாது. 1927-ல் லிஸ்பனில் எகாஸ் மோனிஸ் என்ற நரம்பியல் மருத்துவர், கழுத்துத் தமனிக்குள் சோடியம் அயோடைடு கரைசலைச் செலுத்திப் படம் எடுத்தார். மூளையின் ரத்தக்குழாய்கள் மரக்கிளை போல முதன்முறையாகத் தெரிந்தன. கீல்வாதத்தால் கை விரல்கள் வளைந்திருந்ததால் ஊசி வேலையை அவருடைய உதவியாளர் அல்மெய்டா லிமா செய்தார். மோனிஸ் அதற்கு முன் போர்ச்சுகலின் வெளியுறவு மந்திரியாகவும் இருந்தவர். 1949-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது இந்தக் கண்டுபிடிப்புக்கு அல்ல. மனநோய்க்கு மூளையின் முன்பகுதி இழைகளை வெட்டும் அறுவைக்குத்தான். அந்த அறுவையை இன்று யாரும் பெருமையாகப் பேசுவதில்லை. படம் எடுக்கும் முறையோ இன்னும் உயிர்களைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. பரிசுக் கமிட்டி தப்பான பக்கத்தைப் பார்த்துவிட்டது என்பது என் கட்சி.

எங்கள் ஆரம்ப நாட்களிலும் கழுத்தில் நேராக ஊசி குத்தித்தான் படம். மருந்தைச் செலுத்தும் டாக்டர் குரல் கொடுப்பார், நாங்கள் கேசட்டைக் கையால் இழுத்து மாற்றுவோம்.

கண்ணுக்குத் தெரிந்ததும் கை துறுதுறுத்தது. 1931-ல் எடின்பரோவில் நார்மன் டாட், ரத்தம் கசிந்த ஒரு வீக்கத்தைத் திறந்து பார்த்து, நோயாளியின் காலிலிருந்தே தசைத் துண்டை எடுத்து அதைச் சுற்றிப் பொதிந்துவிட்டார். நோயாளி பிழைத்துப் பல வருஷம் வாழ்ந்தார். 1937 மார்ச்சில் பால்டிமோரில் வால்டர் டாண்டி ஒரு படி மேலே போனார். 43 வயதுக்காரர் ஒருவரின் வீக்கத்துக் கழுத்தில் சிறிய வெள்ளிக் கிளிப்பைப் போட்டு நெரித்தார். பையின் வாயைச் சுருக்குப் போட்டுக் கட்டுவது போல. அடுத்த அரை நூற்றாண்டுக்கு அதுதான் வைத்தியம். ஆனால் மண்டையைத் திறக்க வேண்டும், மூளையை ஒதுக்க வேண்டும்.

திறக்காமல் உள்ளே போக முடியாதா? அந்த யோசனை மாஸ்கோவில் ஃபியோதர் செர்பினென்கோவுக்கு வந்தது. மே தின ஊர்வலத்தில் குழந்தைகள் நூலில் கட்டிய பலூன்களை ஆட்டிக்கொண்டு போனதைப் பார்த்து வந்த எண்ணம் என்பார்கள். நூல் போன்ற குழாயின் முனையில் குட்டி பலூனைக் கட்டி, ரத்த ஓட்டத்தோடு அனுப்பி, இடம் சேர்ந்ததும் ஊதிக் கழற்றிவிட்டார். 1974-ல் அதை அமெரிக்கப் பத்திரிகையில் வெளியிட்டதும் உலகம் திரும்பிப் பார்த்தது. இத்தாலியரான குய்டோ குக்லியெல்மி பலூனுக்குப் பதில் மென்மையான பிளாட்டினச் சுருளை வீக்கத்துக்குள் அடைத்து, சிறு மின்னோட்டத்தால் அதைக் கழற்றும் வழியைக் கண்டார். 1990-ல் கலிபோர்னியாவில் முதல் நோயாளி. 2002-ல் 2,143 பேரை வைத்துச் செய்த ஐசாட் ஆய்வு வெளிவந்தது. ஓராண்டு முடிவில் இறந்தவர்களும் பிறர் உதவியின்றி வாழ முடியாதவர்களும் அறுவை செய்தவர்களில் 30.6 சதவீதம், சுருள் வைத்தவர்களில் 23.7 சதவீதம். அதன்பின் சுருளுக்குத்தான் ராஜ்யம்.

ஆனால் வாய் அகலமான வீக்கத்தில் சுருள் நிற்காது, வெளியே வழிந்துவிடும். மிகப் பெரியதில் நிரப்பினாலும் நாளடைவில் அமுங்கி, மறுபடி ரத்தம் புகும். இங்கேதான் யோசனையே திசை மாறியது. பையை நிரப்புவதை விட்டுவிட்டு, அதன் வாசலில் ஓடும் குழாயைச் சீர்செய்தால் என்ன?

ஆற்றங்கரையில் குடைந்து நிற்கும் மடுவை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் வாயில் நெருக்கமாக முள்வேலி அடைத்தால் ஆறு நேராக ஓடும். மடுவில் நீர் சுழல்வது நின்று வண்டல் படியும். தலைக்குள் வண்டலுக்குப் பதில் ரத்தம் உறைகிறது. பிறகு அந்த வேலியின் மேலேயே குழாயின் உள்தோல் வளர்ந்து புதுச் சுவராகிவிடுகிறது. "பக்கத்துக் கிளைக்குழாயும் அடைபடாதா?" என்று கேட்பீர்கள். கிளையின் மறுமுனையில் ரத்தம் போக வழி இருக்கிறது, ஆகவே கண்ணிகள் வழியே இழுத்துக்கொள்ளும். வீக்கத்துக்கு மறுமுனை இல்லை. மடைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்தான்.

இப்படிப் பிறந்ததுதான் ஃப்ளோ டைவர்ட்டர். பைப்லைன் என்ற கருவியை, தலைமுடியைவிட மெல்லிய 48 இழைகளால் பின்னுகிறார்கள். கோபால்ட்-குரோமியமும், எக்ஸ்ரேயில் தெரிவதற்காகப் பிளாட்டினமும். 2006-ல் புவனோஸ் ஐரிஸில் பெட்ரோ லிலிக் குழுவினர் நோயாளிகளுக்கு வைக்கத் தொடங்கினார்கள். 2011-ல் அமெரிக்க அரசு அனுமதித்தது. அதற்கு ஆதாரமான ஆய்வில் பெரிய, வாய் அகன்ற வீக்கமுள்ள 108 பேர். ஆறு மாதத்தில் 73.6 சதவீத வீக்கங்கள் முழுதாக மூடின. 5.6 சதவீதம் பேருக்குப் பெரிய பக்கவாதமோ மரணமோ நேர்ந்தது. இந்த இரண்டாவது எண்ணையும் சேர்த்துச் சொல்லாமல் முதல் எண்ணை மட்டும் சொல்கிறவர்களைக் கண்டால் எனக்குப் பிடிப்பதில்லை.

வைப்பது லேசான வேலையில்லை. பைஜாமா நாடாவில் குழல்போல் பின்னியது உண்டல்லவா? இழுத்தால் ஒல்லியாகி நீளும், தள்ளினால் தடித்துக் குட்டையாகும். இதுவும் அப்படியே. ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த அகலமுள்ள குழாய்க்குள் நீண்டு கிடப்பது, வெளியே வந்ததும் விரிந்து பாதியளவுக்குக் குறுகும். கணக்குத் தப்பினால் ஒரு முனை வீக்கத்துக்குள்ளேயே நழுவி விழும். வளைவான இடத்தில் நடுவே இடுப்பு போல ஒடுங்கி நின்றுவிடும், சில நேரம் முறுக்கிக்கொள்ளும். விரியாத இடத்தில் ரத்தம் உறைந்தால் பக்கவாதம்தான்.

அப்போது மருத்துவர் செய்வது பெரும்பாலும் பொறுமை. கம்பியை மெல்லத் தள்ளி இழுத்து, பின்னல் விரிய இடம் கொடுப்பார். திறக்காவிட்டால் கதீட்டரையே அதனூடே செலுத்தி உரசி விரிப்பார். அதற்கும் மசியாவிட்டால் சிறு பலூனை உள்ளே ஊதுவார். நீளம் போதாதென்றால் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டாவதைக் கோப்பார். எது செய்தாலும் உள்ளே இருக்கும் கம்பியை மட்டும் விடமாட்டார். அது வெளியே வந்துவிட்டால், பாதி விரிந்த வலைக்குள் மறுபடி நுழைவது இருட்டில் ஊசியில் நூல் கோப்பது மாதிரி.

முதலில் வந்த பைப்லைனில் இன்னொரு சங்கடம். விரிக்கத் தொடங்கிவிட்டால் மறுபடி உறைக்குள் இழுத்து, இடம் மாற்றி வைக்க முடியாது. சரியில்லையென்றால் முழுதாக வெளியே எடுத்துவிட்டுப் புதிதைப் போட வேண்டியதுதான். பின்னால் வந்த ஃப்ளெக்ஸ் வகையில் அந்தக் குறையைப் போக்கினார்கள். என்னைக் கேட்டால், இழைகளின் எண்ணிக்கையைவிட இதுதான் பெரிய முன்னேற்றம்.

கருவி சரியாக அமர்ந்த பிறகும் ஆபத்து தீர்ந்துவிடாது. ஆரம்ப வருஷங்களில், நன்றாக வைத்த சிலருக்கே நாட்கள் கழித்து வீக்கம் வெடித்திருக்கிறது. வீக்கம் ஒரே நாளில் மூடுவதில்லை, மாதங்கள் ஆகும். அதுவரை உலோகத்தின் மேல் ரத்தம் உறையாமலிருக்க ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் சேர்த்துச் சாப்பிட வேண்டும். நம்மவர்களில் கணிசமான பேருக்குப் பிறவியிலேயே உள்ள மரபணு வேறுபாட்டால் குளோபிடோக்ரெல் சரியாக வேலை செய்வதில்லை. ஆகவே பல இடங்களில் முன்கூட்டியே ரத்தத்தைச் சோதித்து மருந்தை மாற்றுகிறார்கள். இதை நம் வயதுக்காரர்களுக்காகச் சொல்கிறேன். பல் பிடுங்கவோ, கண்புரைக்கோ போகும்போது யாரோ சொன்னார்கள் என்று இந்த மாத்திரையைத் தாமாக நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. நிறுத்தலாமா என்பதை வலைக்குழாய் வைத்த டாக்டரிடம்தான் கேட்க வேண்டும்.

ஆறு மாதம் கழித்து மறுபடி ஆஞ்சியோகிராம் எடுப்பார்கள். எல்லாம் சரியாக நடந்திருந்தால், முதல் படத்தில் திராட்சைப்பழம் போலத் தொங்கிய இடத்தில் ஒன்றுமிருக்காது. குழாய் மட்டும் வளைந்து ஓடும், அதன் மேல் உற்றுப் பார்த்தால் சல்லடை போல மெல்லிய கோடுகள்.