ஓடிப் பிழைத்த கார்கள்: பெங்களூரின் டால்பினும் ஐம்பதாண்டு விதியும்

2021 ஜூலையில் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் மத்திய மோட்டார் வாகன விதிகளில் ஒரு திருத்தத்தைக் கொண்டுவந்தது. 50 ஆண்டு கடந்ததும், மூல வடிவம் கெடாததும், பெருமளவில் மாற்றிக் கட்டப்படாததுமான இருசக்கர, நான்கு சக்கர வண்டிகள் 'விண்டேஜ்' என்று தனியே பதிவு பெறலாம். முதற்பதிவுக்கு 20,000 ரூபாய்; பதிவு பத்தாண்டு செல்லும்; புதுப்பிக்க 5,000 ரூபாய். எண்பலகையில் மாநிலக் குறியை அடுத்து 'வி.ஏ.' என்னும் எழுத்துகள் வரும். இவ்வளவும் பழைய வண்டிகளுக்குக் கிடைத்த மரியாதை போலவே தோன்றும். ஆனால் அதே திருத்தம் ஒரு நிபந்தனையையும் விதிக்கிறது. இவ்வாறு பதிவான வண்டி கண்காட்சிக்கும், தொழில்நுட்ப ஆய்வுக்கும், பழங்கார் பேரணிக்கும், எரிபொருள் நிரப்பவும், பராமரிப்புக்கும் மட்டுமே சாலைக்கு வரலாம். அன்றாடப் பயன்பாட்டுக்கோ வணிகத்துக்கோ ஓடக் கூடாது.

இந்த விதியைப் படிக்கும் வரலாற்று மாணவருக்கு எழ வேண்டிய வினா, ஐம்பது வயது கடந்த கார்கள் இந்திய நகரங்களில் எவ்வாறு எஞ்சின என்பதே. அரண்மனைக் கொட்டகைகளில் துணி போர்த்திக் காக்கப்பட்டவை சில. ஏனையவை அலுவலகத்துக்கும் பள்ளிக்கும் சந்தைக்கும் நாள்தோறும் ஓடியதால் பிழைத்தவை. அவை ஓடியதால் அவற்றை அறிந்த மெக்கானிக்குகள் இருந்தனர். மெக்கானிக்குகள் இருந்ததால் உதிரிபாகங்கள் தேடப்பட்டன, கிடைக்காதபோது லேத்தில் கடைந்து எடுக்கப்பட்டன. பெங்களூரில் ஒருவர் பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கி அதிலேயே அன்றாடம் வேலைக்குச் செல்ல முடிவெடுத்தால், அதை மேட்டுக்குடி மோகம் என்று ஒதுக்குவது எளிது. அவர் செய்வது இந்நாட்டில் நெடுங்காலம் எல்லோரும் செய்துவந்ததன் தொடர்ச்சி என்பதே உண்மை.

1953இல் தீர்வை ஆணையம் அளித்த பரிந்துரையை அடுத்து, உள்நாட்டிலேயே படிப்படியாக உற்பத்தி செய்யும் திட்டம் இல்லாமல் பாகங்களை இறக்கிப் பூட்டி விற்ற நிறுவனங்களுக்கு இங்கே இடமில்லாமற் போயிற்று. ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் வெளியேறின. கார் வாங்குவோருக்கு எஞ்சியவை உத்தர்பாராவின் இந்துஸ்தான் மோட்டார்ஸ், பம்பாயின் பிரீமியர், சென்னையின் ஸ்டாண்டர்டு ஆகிய மூன்றே. கார்களின் விநியோகத்தையும் விற்பனையையும் கட்டுப்படுத்த 1959இல் ஓர் ஆணையும் வந்தது. காரின் நியாய விலை எது என்பதே 1970களின் தொடக்கத்தில் உச்ச நீதிமன்றத்தின் முன் வழக்காக நின்றது. புதிய காருக்குப் பதிந்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்த சமூகத்தில், கைம்மாறிய கார் உடனே கிடைத்தது என்பதே அதன் பெருமதிப்பு. பழைய காரை அன்றாடம் ஓட்டுவது அன்று ஒரு தெரிவாகவே கருதப்படவில்லை. சாலையின் இயல்பு நிலையே அதுதான். 1983 டிசம்பரில் மாருதி 800 வந்த பிறகே பழையதும் புதியதும் கண்ணுக்குத் தெரியும்படி பிரிந்தன. 'கிளாசிக்' என்ற சொல் அந்தப் பிரிவினையின் பிள்ளை.

'ஸ்போர்ட்ஸ் கார்' என்ற சொல்லையும் இங்கே நெகிழ்த்தியே ஆள வேண்டியுள்ளது. இறக்குமதிக் கட்டுப்பாட்டுக்கு முன் வந்த எம்.ஜி. போன்றவை உண்டு, வெளிநாட்டுத் தூதரகங்களிலிருந்து அரசு வணிகக் கழகத்தின் வழியே கைம்மாறியவையும் உண்டு. அவற்றின் எண்ணிக்கை சிறிது, விலையோ பெரிது. மூன்றாண்டுக்கு மேற்பட்ட பயன்படுத்திய காரை இந்தியாவுக்குள் இறக்க விதி நெடுங்காலம் பெரும்பாலும் இடம் தராததால் புதிதாக வந்து சேரும் வழியும் மிகக் குறுகியதாகவே இருந்தது. எனவே நடுத்தர வருவாய் உள்ள ஒருவர் எட்டக்கூடிய பழைய ஸ்போர்ட்ஸ் கார் என்பது இங்கேயே செய்யப்பட்டு, ஸ்போர்ட்ஸ் காரின் இரத்த உறவு கொண்ட சிறிய கார்தான்.

அந்த உறவு சென்னையில் வெளிப்படையாகவே இருந்தது. ஸ்டாண்டர்டு நிறுவனம் 1961இல் தொடங்கிச் செய்த ஹெரால்டு, இங்கிலாந்தில் 1959இல் வெளிவந்த டிரையம்ஃப் ஹெரால்டின் இந்திய வடிவம். உருவம் வகுத்தவர் இத்தாலியரான ஜியோவான்னி மிக்கெலோட்டி. உடலும் சட்டமும் ஒன்றாகப் பற்றவைக்கப்பட்ட கார்கள் பரவிய காலத்தில், ஹெரால்டு தனிச் சட்டத்தின்மேல் துண்டு துண்டாகப் போல்ட் செய்யப்பட்ட உடலோடு வந்தது. டிரையம்ஃபுக்கு உடல் செய்துகொடுத்த ஆலையைப் போட்டி நிறுவனம் வாங்கிவிட்டதே இதற்குக் காரணம். நெருக்கடியில் பிறந்த இந்த அமைப்பே பின்னர் வரமாயிற்று. 1962இல் வந்த ஸ்பிட்ஃபயர் என்னும் இரு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார் ஹெரால்டின் அடிப்படை அமைப்பிலிருந்தே உருவானது. முன்மூடி முழுவதும் மட்கார்டுகளோடு சேர்ந்து முன்னே சாய்வதால் எஞ்சினைச் சுற்றி நின்று வேலை செய்யலாம். 25 அடி வட்டத்துக்குள் கார் திரும்பிவிடும். சிக்பேட்டைச் சந்துகளில் கார் ஓட்டியவர்களுக்கு இதன் அருமையை விளக்க வேண்டியதில்லை. பின்சக்கர அச்சு மட்டும் பொல்லாதது: வேகமாக வளைவில் சென்றுகொண்டிருக்கும்போது ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலைச் சட்டென எடுத்தால் பின்சக்கரம் உட்புறம் மடங்கப் பார்க்கும். 1970களில் கெஸல் என்ற பெயரில் வந்த அடுத்த வடிவத்தில் இந்த அச்சு கைவிடப்பட்டது.

பெங்களூருக்கும் சொந்தமாக ஒரு கார் இருந்தது. இன்றைய மாணவர் பலர் அதன் பெயரைக்கூடக் கேட்டிருக்க வாய்ப்பில்லை. பாதல் என்ற மூன்று சக்கரக் காரை 1970களில் செய்துபார்த்த சிபானி நிறுவனம், 1980களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் ரிலையன்ட் கிட்டன் காரை டால்பின் என்ற பெயரில் பெங்களூரில் செய்யத் தொடங்கியது. எஃகுச் சட்டம், அதன்மேல் கண்ணாடியிழை உடல், 848 சிசி அலுமினிய எஞ்சின் முன்னே, உந்துவிசை பின்சக்கரங்களுக்கு, கதவுகள் இரண்டே. எடையோ அம்பாசிடரின் எடையில் ஏறத்தாழப் பாதி. சந்தை இதை ஏற்கவில்லை. இரண்டு கதவுக் காரைக் குடும்பங்கள் விரும்பவில்லை, 'பிளாஸ்டிக் கார்' என்ற ஏளனம் வேறு. அதற்குள் மாருதியும் வந்துவிட்டது. நான்கு கதவோடு மொன்டானா என்ற வடிவத்தையும் நிறுவனம் முயன்றுபார்த்தது.

குடும்பக் காராகத் தோற்ற டால்பின், சோழவரத்தில் வென்றது. சென்னைக்கு வடக்கே இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளத்தில் நடந்த பந்தயங்களிலும், தென்னிந்திய ராலிகளிலும் அது 1980களில் விரும்பி ஓட்டப்பட்ட காராயிற்று. காரணம் எளிது: எடை குறைந்த உடல், பின்சக்கர உந்துவிசை, துருவேறாத தகடு. வாங்குவோர் குறையாகக் கண்டவையே பந்தயக்காரருக்கு நிறையாக அமைந்தன. இந்தியாவில் ஸ்போர்ட்ஸ் காரை ஆலை செய்து தரவில்லை, ஓட்டியவர்கள் செய்துகொண்டனர் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. 1990களின் இறுதியில் சான் குழுமம் ஸ்டார்ம் என்ற பெயரில் ரெனோ எஞ்சின் பூட்டிய இரு இருக்கைத் திறந்த காரை விற்றபோது, ஸ்போர்ட்ஸ் கார் என்றே விளம்பரப்படுத்தக்கூடிய ஒரு பொருள் வந்தது. அதையும் வாங்கியவர் சிலரே.

இத்தகைய கார்கள் பெங்களூரில் நீடித்ததற்கு நகரத்தின் தொழில் வரலாறும் துணை நின்றது. 1940இல் எச்.ஏ.எல்., 1948இல் ஐ.டி.ஐ., 1953இல் எச்.எம்.டி., 1954இல் பி.இ.எல். என்று அமைந்த ஆலைகளும், ஆடுகோடியின் மைகோவும் நுண்ணளவில் உலோகம் கடையத் தெரிந்த ஒரு தலைமுறையை உருவாக்கின. பீன்யாவில் சிறு லேத் பட்டறைகள் பெருகின. சிவாஜி நகரின் குஜிரிக் கடைகளும், ஜே.சி. சாலையின் உதிரிபாகக் கடைகளும், சென்னையில் புதுப்பேட்டையும் சேர்ந்து ஒரு பாக வலைப்பின்னலாக இயங்கின. ஆலைகள் மூடிய பிறகும் கார்கள் ஓடின என்றால், இந்த வலைப்பின்னலே அவற்றின் ஆலையாக இருந்தது. தொழில் வரலாற்றாய்வு ஆலைகளின் ஆவணங்களோடு நின்றுவிடுவதால் இப்பகுதி பெரும்பாலும் எழுதப்படாமலே கிடக்கிறது.

அன்றாடம் ஓட்டுவதன் இடர்களும் பொறியியல் வரலாற்றுக்கு உரியவையே. ஹெரால்டில் மின்சாரம் தருவது டைனமோ. எஞ்சின் மெதுவாகச் சுழலும்போது அது பாட்டரியை நிரப்பாது. சில்க் போர்டு நெரிசலில் முகப்பு விளக்கும் வைப்பரும் ஒன்றாக இயங்கினால் பாட்டரி தேய்ந்துகொண்டே இருக்கும். விசிறியும் எஞ்சினோடு இணைந்தது. அதிகக் காற்று தேவைப்படும் நேரத்தில்தான் அது மெதுவாகச் சுழலும். நகரம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் காற்று மெலிவு. சென்னையில் சரிசெய்த கார்புரேட்டர் இங்கே பெட்ரோலைக் கூடுதலாகக் குடிக்கும். 2000 பிப்ரவரியில் ஈயம் கலந்த பெட்ரோல் நாடெங்கும் நின்றபோது பழைய வால்வு சீட்டுகள் தேயத் தொடங்கின. இப்போது 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர்க் குழாய்களையும் பம்ப்பின் டயஃப்ரத்தையும் அரிக்கிறது. டால்பினின் உடல் துருப்பிடிக்காது, அடியிலுள்ள எஃகுச் சட்டம் பிடிக்கும். மேலே பளபளப்பைப் பார்த்து வாங்கியவர் ஏமாறுவது இங்கேதான். உடலில் விரிசல் விழுந்தால் டிங்கரின் சுத்தியல் உதவாது, பிசினும் இழைப்பாயும் கொண்டு ஒட்டத் தெரிந்தவர் வேண்டும். இவை ஒவ்வொன்றுக்கும் பட்டறைகள் விடை கண்டிருக்கின்றன: டைனமோவுக்குப் பதில் ஆல்டர்னேட்டர், மின்விசிறி, கெட்டி வால்வு சீட், புதிய வகைக் குழாய்.

விதியின் முரண் இங்கேதான் கூர்மையடைகிறது. ஓடும் கார் இத்தகைய மாற்றுகளால்தான் ஓடுகிறது. 'மூல வடிவம்', 'பெரிய மாற்றம் இன்மை' என்னும் அளவுகோல்களோ கொட்டகையில் கிடந்த காருக்குச் சாதகமானவை. உழைத்த காரை ஐயத்தோடு நோக்குபவை. இச்சிந்தனை இந்தியாவில் முளைத்ததுமன்று. 1966இல் தோன்றிய ஃபிவா என்னும் பன்னாட்டுப் பழவாகனக் கூட்டமைப்பின் வரையறையிலேயே, 30 ஆண்டு கடந்திருத்தல், வரலாற்று நோக்கில் சரியான நிலையில் பேணப்படுதல் ஆகியவற்றோடு, அன்றாடப் போக்குவரத்துக்குப் பயன்படாதிருத்தலும் ஒரு கூறு. பிரிட்டன் சற்று வேறு வழியில் சென்றது. 2018 முதல் 40 ஆண்டு கடந்த, பெரிய மாற்றம் பெறாத கார்களுக்கு ஆண்டுச் சோதனையிலிருந்து விலக்கு அளித்தது. அன்றாடம் ஓட்டக் கூடாது என்று சொல்லவில்லை.

இந்தியாவில் 15 வயதுக்கும் 50 வயதுக்கும் இடைப்பட்ட காருக்குப் பெயரே இல்லை. சட்டத்தின் கண்ணில் அது வெறும் பழைய கார். ஐந்தாண்டுக்கொருமுறை எஃப்.சி., கர்நாடகத்தில் பசுமை வரி, சென்னைப் பதிவெண்ணோடு வந்த ஹெரால்டு என்றால் என்.ஓ.சி.யும் கர்நாடக ஆயுள் வரியும் வேறு. பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. 20 ஆண்டு கடந்த கார்களுக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ஆனது. புகையும் பாதுகாப்பும் மெய்யான அக்கறைகள். எல்லாப் பழைய வண்டிகளையும் ஓட விட வேண்டும் என்று எவரும் வாதிடார். ஆனால் பல்லாயிரம் கிலோமீட்டர் ஓடும் பழைய டீசல் வாடகை வண்டியையும், ஆண்டுக்குச் சில ஆயிரம் கிலோமீட்டர் ஓடும் 848 சிசி டால்பினையும் வயது என்ற ஒரே அளவுகோலால் அளப்பது ஆய்வு நோக்கில் ஏற்கத்தக்கதன்று.

டால்பின்களுள் மூத்தவை 2030களின் தொடக்கத்தில் ஐம்பதைத் தொடும். ஆல்டர்னேட்டர் மாற்றியதும், சட்டம் ஒட்டியதும், மறுபோர் செய்ததுமான ஒரு டால்பினை அதன் உடைமையாளர் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு ஓட்டிச் செல்லும் நாளில், அவர்முன் இரண்டு படிவங்கள் இருக்கும். முதலாவது விண்டேஜ் பதிவுக்கு உரியது. மற்றதை நிரப்பினால், மறுநாள் காலையும் அதே காரில் அவர் வேலைக்குச் செல்லலாம்.